பத்தொன்பதாம் நாள் பத்தியம்

அம்மாவின் இருமல்தான் அது. கண் திறக்கும் முன்பே சுகந்தியின் காது திறந்துகொண்டது. அடுப்படியில் யாரோ பூண்டு தட்டுகிறார்கள். தட்டல் நிற்கிறது, இரண்டு வறட்டு இருமல், மூன்றாவது தொண்டைக்குள்ளேயே விழுங்கப்படுகிறது, மறுபடி தட்டல். ஊரில் இருமுகிறவர்களுக்கா பஞ்சம். ஆனால் மூன்றாவதை விழுங்குகிற ஆள் ஒருத்திதான், முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்த சண்முகக்கனி, சுகந்தியைப் பெற்றவள். அவள் ஆறுமுகநேரியில் அல்லவா இருக்க வேண்டும். இது மதுரை, வில்லாபுரத்தில் நாகரத்தினத்தின் வாடகை வீடு, மணி பத்தரை இருக்கும், ஜன்னல் வெயில் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. கனவாக இருந்தால் நல்லது என்று சுகந்தி கண்ணை இறுக்கிக்கொண்டாள். கனவில் பூண்டு வாசம் இத்தனை தெளிவாக வருமா. பூண்டோடு கருவாட்டு வாசமும் வந்தது. நெஞ்சு அடித்த அடி கீழே தையல் போட்ட இடம் வரை போய் விண்விண் என்றது. எழுந்து உட்காரலாம் என்றால் உடம்பு கேட்கவில்லை. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, தொடைகளுக்கு நடுவே தலையணையை விட்டுக்கொண்டு மூன்று தவணையாகத்தான் எழ வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அந்த மூன்று தவணையும் இப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அறுவை முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். பெண்ணாக இருந்தவளுக்கு உடம்பும் பெண்ணாகிப் பத்தொன்பது நாள். இந்தப் பத்தொன்பது நாளில் யார் யாரோ வந்து பார்த்தார்கள், பூ வைத்தார்கள், திருஷ்டி கழித்தார்கள். வரவே மாட்டாள் என்று ஒரே ஒருத்தியைத்தான் நிச்சயமாக நினைத்திருந்தாள். அந்த நிச்சயம் இப்போது அடுப்படியில் நின்று பூண்டு தட்டிக்கொண்டிருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு நாகரத்தினம் வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் திருநங்கைகள் கூடிய சபையில் சுகந்தியை மகளாக எடுத்தவள், இந்த வீட்டின் அம்மா, நாகும்மா. ஐம்பத்தைந்து வயது, ஆறடி உயரம், அதட்டினால் ஆட்டோக்காரன் மீட்டரைப் போடுவான். அவள் முகத்தில் இன்று திருட்டுத்தனம் இருந்தது. “முழிச்சிட்டியா? உங்கம்மா வந்துருக்கு. ஏழு மணிக்கே வந்து எறங்கிருச்சு” என்றாள், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி. “யாரு வரச் சொன்னா?” என்று கேட்டபோது தன் குரல் எங்கிருந்தோ வருவதாகச் சுகந்திக்குத் தோன்றியது. “நான்தேன். ஒன் போன்ல அம்மான்னு ஒரு நம்பர் இருந்துச்சு, போட்டேன். பிள்ள நாலு நாளா எதையுமே திங்க மாட்டேங்குது, இருபதாம் நாளு டாக்டர்ட்ட கூட்டிப் போகணும், எனக்குப் பயமா இருக்கு ஆத்தான்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வச்சிருச்சுன்னு நெனச்சேன். பெறகு, பத்தியம் வைக்க சட்டி இருக்கான்னு கேட்டுச்சு.” என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று சுகந்தி வாயெடுப்பதற்குள், “ஒங்கிட்ட கேட்டா வேணாம்ப” என்று நாகும்மாவே பதிலையும் சொல்லிவிட்டு, போர்வையைச் சரிசெய்து, போய்விட்டாள். சட்டி இருக்கா. ஏழு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து கேட்ட கேள்வி அது. உயிரோடு இருக்கிறதா என்றில்லை, எதற்கு இப்படிச் செய்தாள் என்றில்லை, சட்டி இருக்கா. சுகந்தி அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப உருட்டினாள், அதில் கோபம் இருக்கிறதா பாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாள், சட்டியைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாளைக்கு டாக்டர். பிரச்சினை ஒன்றும் பெரிதில்லை, சிரிக்கலாம், சொன்னால் யாரும் சிரிப்பார்கள், அதனால்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். அறுவை முடிந்த ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், முதல் தடவையாகப் போனாள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து, வயிற்றை நெருக்கி, அப்போது கீழே ஏதோ ஒன்று இழுபட்டது பார், அந்த இழுவையைச் சுகந்தியால் இன்றைக்கும் தொடைக்குள் கேட்க முடியும், கேட்க முடியும் என்றுதான் சொல்ல வேண்டும், துணி கிழிகிற மாதிரி அதற்கு ஒரு சத்தம் இருந்தது. குனிந்து பார்த்தால் சிவப்பு. அவ்வளவு சிவப்பு. பிறகு சுவர் சாய்ந்தது, நாகும்மாவின் கை கக்கத்தில் வந்து பிடித்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு தையல் விட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் தானாகக் கூடிவிடும் என்றார் டாக்டர். நன்றாகச் சாப்பிடுங்கள். அவர் உட்கார்ந்து போகிறாரா என்ன. பதினோரு வயதிலிருந்து கேட்டது இந்த உடம்பு, பதினாறு வருஷம் காத்திருந்தது, சீட்டுப் போட்டு, ஹோட்டலில் பாத்திரம் கழுவி, ஒன்றேகால் வருஷம் வரிசையில் நின்று, மனநல டாக்டர் இரண்டு பேரிடம் தான் யார் என்று விளக்கி, கடைசியில் கைக்குக் கிடைத்தது. அதை ஒரு பிடி சோற்றுக்காகக் கிழித்துக்கொள்வதா. சாப்பிடாவிட்டால் போக வேண்டாம், போகாவிட்டால் கிழியாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஒரு தப்பும் தெரியவில்லை. அன்றிலிருந்து தட்டில் வருவதில் பாதி, பிறகு கால், நாலு நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர், அதுவும் வாயை நனைக்க மட்டும்.

அதற்குப் பொய் வேண்டியிருந்தது, பொய் சொல்ல அவளுக்குத் தெரியும், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழக்கம்தான். தினமும் பதினோரு மணிக்கு ஹெப்சிபா மேடம் போன் செய்வார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிறவர், யாரும் அவரைக் கேட்டதில்லை, அறுவை முடிந்து போனவர்களுக்கெல்லாம் அவராகவே நாற்பது நாள் கூப்பிடுவாராம். காலையில் முட்டை எடுத்தீங்களா சுகந்தி. ரெண்டு எடுத்தேன் மேடம். வெள்ளையும் மஞ்சளும் சேர்த்தா. ஆமா மேடம். முருங்கைக்கீரை. ஆமா மேடம். இரும்புச்சத்து மாத்திரையோட எலுமிச்சம்பழத் தண்ணி குடிக்கணும், டீயோட போடக்கூடாது, ஞாபகம் இருக்கா. இருக்கு மேடம். தண்ணி எத்தனை டம்ளர். பன்னெண்டு மேடம். முட்டை இரண்டும் ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சந்துப் பூனைக்குப் போயிற்று, பூனை நன்றாகப் பளபளத்து வந்தது. பதினைந்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு என்று வந்தது. ஹெப்சிபா மேடம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார். “சுகந்தி, நீங்க சொன்னதெல்லாம் சாப்பிட்டிருந்தா இது ஒன்பதுக்காவது வந்திருக்கணும்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பாள். “சத்து இல்லாம புண்ணு கூடாதும்மா. இருபதாம் நாள் பாக்கும்போது ரத்தம் இப்படியே இருந்து, அந்த ஓரமும் கூடலைன்னா மறுபடி அட்மிட் பண்ணுவாங்க, ரத்தம் ஏத்தி திரும்பத் தைக்க வேண்டியிருக்கும்.” திரும்பத் தைக்க. அதைக் கேட்டபின் வாயைத் திறந்து தின்றிருக்க வேண்டும், புத்தியுள்ளவள் அதைத்தான் செய்வாள். சுகந்திக்கு வாய் இன்னும் இறுகிப் போனது. இந்தப் பக்கம் போனாலும் கிழியும், அந்தப் பக்கம் போனாலும் ஊசி. நடுவில் படுத்துக்கொண்டு நாலு நாளை ஓட்டியாயிற்று, நாளைக்கு இருபதாம் நாள், இனி ஓட்டுவதற்கு நாள் இல்லை.

இந்த லட்சணத்தில் அம்மா வேறு. அவள் எதைப் பார்க்க வந்திருக்கிறாள். போனதைப் பார்க்கவா, வந்ததைப் பார்க்கவா. அறைக்குள் வரவே இல்லையே, ஏழு மணிக்கு வந்தவள், மூன்றரை மணி நேரமாக இந்த வீட்டுக்குள் இருக்கிறாள், எட்டிப் பார்த்திருப்பாளோ, தூங்கும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பாளோ. என்ன தெரிந்திருக்கும். இந்த வீட்டு வழக்கப்படி நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது, பாலைத் தொடக் கூடாது, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளித்து அம்மனுக்குப் பால்குடம் எடுத்த பிறகுதான் எல்லாம். அதனால் தன் முகம் எப்படி இருக்கிறது என்று சுகந்திக்கே தெரியாது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு தட்டியது. தாடை ஓரத்தில் நாலைந்து முடி குத்தியது, பத்தொன்பது நாளாக யாரும் எடுத்துவிடவில்லை. ஐயோ, இந்த முகத்தோடா பார்த்தாள். அம்மா கடைசியாகப் பார்த்த முகம் மை தீட்டிய முகம், அக்காவின் கல்யாணத்துக்கு ஊதாச் சேலை கட்டிக்கொண்டு போன முகம். இருபது வயது, என்ன துணிச்சல், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருக்கும்போதே போய் இறங்கினாள். அம்மா வாசலுக்கு வரவில்லை. கொல்லைப் பக்கம் வரச் சொல்லி ஆள் அனுப்பினாள், துணி துவைக்கிற கல்லில் இலையைப் போட்டாள், சோறும் சாம்பாரும் இரண்டு அப்பளமும் வைத்தாள், வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. சுகந்தி தின்றாள். பசி, தின்றாள், அதற்கு இன்று வரை வெட்கப்படுகிறாள், அப்பளத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. தின்றுவிட்டு இலையைத் தானே எடுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்தக் கைதான் இப்போது பூண்டு தட்டுகிறது, எதற்காகத் தட்டுகிறது, யாராவது செத்துப்போவார்கள் என்றால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள், நான் செத்துப்போவேன் என்றா நாகும்மா சொல்லிவைத்தாள்.

அடுப்படியில் பேச்சு எழுந்தது. இந்த வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். “ஏத்தா, இது என்னாது, பால்சுறாவா?” என்றது நாகும்மாவின் குரல். “ஆமாக்கா. சுறாக் கருவாடு. வேவவச்சு உதுத்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு வைக்கேன். முருங்கைக்கீரையும் இருக்கு. இந்தா பாருங்க, பூண்டு மட்டும் அரைக் கிலோ கொண்டாந்தேன்.” நாகும்மா சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்தால் அலமாரிக் கதவு ஆடும். “இது பிள்ள பெத்தவளுக்குப் போடுறதுல்ல? பால் ஊறுறதுக்கு? இவ யாருக்கு ஆத்தா பால் குடுக்கப் போறா? எங்க வீட்டுல நாப்பது நாளுக்குப் பாலைப் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டோம், நீ என்னடான்னா பாலை ஊற வைக்க வந்துருக்க.” சுகந்தி போர்வைக்குள் விறைத்துப் போனாள். இதோ வந்துவிட்டது, அம்மா கோபித்துக்கொண்டு பையைத் தூக்கப் போகிறாள், ஒன்றும் தெரியாமல் வந்துவிட்டேன் என்று கிளம்பப் போகிறாள். கிளம்பட்டும். கிளம்பிவிடக் கூடாது. இரண்டும் ஒரே மூச்சில் நெஞ்சில் மோதின. இருமல், இன்னொரு இருமல். “பாலு எதுலயும் சேக்கலக்கா, நீங்க சொல்லுத மொறைக்கு நான் கொறை வைக்க மாட்டேன்” என்றாள் அம்மா. “எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பத்தியந்தான். கீழ தையல் போட்டு நாப்பது நாளு படுத்துக் கெடந்தா இதத்தான் குடுக்கணும்னு தெரியும். வேற என்னத்தக் குடுக்கன்னு தெரியாது.” நாகும்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு குழாயைத் திறந்து எதையோ கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. தலைமாட்டில் இருந்ததை நாகும்மா வந்து எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், சுகந்தியின் பொய்க்கு இன்றைக்கு வேலையில்லாமல் போயிற்று. “மேடம், பெத்த அம்மாவே வந்துருக்கு. பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் வைக்குது. குடுக்கலாமா?” ஹெப்சிபா மேடத்துக்கும் வியப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அவர் பழக்கப்பட்டவர், குரலில் காட்டவில்லை. “ரொம்ப நல்லதும்மா. சுறாவுல புரதம் நிறைய, கீரையில இரும்புச்சத்து. புண்ணு ஆறுறதுக்கு இதவிட என்ன வேணும். கருவாட்டை ரெண்டு மூணு தடவை அலசி உப்பை எடுத்துருங்க. மிளகு, காரம் கொறச்சுப் போடுங்க. சோத்தைக் குழைய வடிங்க. ஆனா இது மட்டும் போதாதும்மா, மலம் இளகலாப் போகணும், அதுக்கு ஒரு துண்டு பப்பாளி, நிறையத் தண்ணி.” “பச்சத்தண்ணி குடுக்கலாமா?” என்று அம்மா சந்தேகமாகக் கேட்டாள். “பத்தியத்துல தண்ணி கூடாதுன்னு சொல்லுவாங்களே.” “இவங்களுக்கு வேணும்மா. பத்தியத்துல அந்த ஒண்ண மட்டும் எனக்காக மாத்திக்கிடுங்க. மலத்தை இளக்க நாங்க குடுத்த சிரப்பும் சரியாக் குடுக்கணும்.” “சரி தாயி, மாத்திக்கிடுதேன்” என்றாள் அம்மா. ஊரில் பெரிய டாக்டர் சொல்லியே எதையும் மாற்றிக்கொள்ளாதவள். சுகந்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்று பெண்கள் தன் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்தப் பூண்டை யார் தலையில் கொட்டுவார்கள் என்று ஒரு சிரிப்பு வந்து, தையலுக்குப் பயந்து பாதியில் நின்றது.

அம்மா வந்தாள். தட்டுதான் முதலில் வந்தது, பிறகு இரண்டு கை, கையில் உப்பு அரித்த வெடிப்பு, பிறகு அவள். இவ்வளவு சின்ன ஆளாகவா இருந்தாள். ஏழு வருஷத்தில் ஒரு சாண் குறைந்துவிட்டாள். கட்டில் விளிம்பில் உட்காரவில்லை, தரையிலும் உட்காரவில்லை, மருந்து வைத்திருந்த முக்காலியைக் காலி செய்து அதில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பழையதும் இல்லை புதியதும் இல்லை. “இந்தா” என்றாள். குழைந்த சோற்றில் புட்டைப் பிசைந்து ஒரு உருண்டை, அது சுகந்தியின் வாய்க்கு நேரே நீண்டது. சுகந்தியின் வாய் திறக்கவில்லை. திறக்கத்தான் நினைத்தாள், ஏழு வருஷத்துக்கும் சேர்த்து இந்த ஒரு உருண்டையை விழுங்கிவிட வேண்டும் என்று நெஞ்சு துடித்தது, ஆனால் தாடை கேட்கவில்லை, பல்லோடு பல் பூட்டிக்கொண்டது, உருண்டைக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலியும் சிவப்பும் தெரிந்தன. அம்மாவின் கை காற்றில் நின்றது. இப்போது எழுந்து போய்விடுவாள். வேண்டாமென்றால் போ என்று தட்டை வைத்துவிடுவாள், கதவு, தாழ்ப்பாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். அவள் அப்போதுதான் சுகந்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள், தாடை முடியையும் எலும்பையும் எல்லாவற்றையும், நெடுநேரம், கூச்சமே இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “பயமாக் கெடக்கா, வெளிக்கிப் போவ?”

டாக்டர் கண்டுபிடிக்கவில்லை, ஹெப்சிபா மேடம் கண்டுபிடிக்கவில்லை, கூடவே படுத்துக் கிடக்கிற நாகும்மா கண்டுபிடிக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும், பூனை சொல்லிற்றா. தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை, ஆட்டியிருக்க வேண்டும், அம்மா பேசத் தொடங்கியிருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வது மாதிரி. “ஒன்னையப் பெத்தப்போ எனக்குக் கீழ கிழிஞ்சிட்டு. ஏழு தையலு. ஒங்கக்காளுக்கெல்லாம் அப்படி இல்ல, ஒனக்குத்தான் தல பெருசு. வீட்டுக்கு வந்து மொதத் தடவ போவும்போது தையலு பிஞ்சு ரத்தமாக் கொட்டிட்டு. உசுரு போயித் திரும்பி வந்துச்சு. அதோட சோத்தத் தொடல. திங்கலன்னா போவ வேண்டாம்லா.” அவள் நிறுத்தினாள். இரண்டு இருமினாள். “எங்க மைனி, ஒன் அத்த, பால்சுறா வச்சுத் தருவா. திங்கிற மாதிரி திம்பேன். அவ அந்தாண்ட போனதும் வாழ மூட்டுல கொட்டிருவேன். எட்டு நாளு. பாலு வத்திப்போச்சு. நீ கத்துத, நெஞ்சில ஒரு சொட்டு இல்ல. பக்கத்து வளவு எஸ்தரு ஒன்னையத் தூக்கிட்டுப் போயிப் பால் குடுத்தா. நான் படுத்துக்கிட்டு அந்தச் சத்தம் நிக்குதத கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.” தட்டில் இருந்த சோற்றை மறுபடி பிசைந்தாள். “அன்னைக்கு நான் தின்னிருந்தா ஒனக்குப் பாலு இருந்திருக்கும். இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல, எங்க மைனிக்கே தெரியாது.”

சுகந்தி அவளையே பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக இவளைத் தெரியும் என்று நினைத்திருந்தாளே, என்ன தெரியும். கதவைச் சாத்திக்கொண்டவள் என்று தெரியும். கீழே ஏழு தையலோடு சோற்றை வாழையடியில் கொட்டியவள் என்று தெரியாது. இதே திருட்டு, இதே கணக்கு, திங்காவிட்டால் போக வேண்டாம், இதே சொற்கள்கூட. உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு அவமானம் என்று பத்து நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இவளிடமும் இருந்திருக்கிறது, தான் பிறந்த வாரத்திலிருந்தே இருந்திருக்கிறது. வாய் திறந்துகொண்டது. அம்மா உருண்டையை வைத்தாள். பூண்டு. பூண்டு, கருவாடு, கொஞ்சம் சீரகம், உப்பே இல்லை, ஹெப்சிபா மேடம் சொன்னபடி அலசித் தள்ளியிருந்தாள், ருசி என்று சொல்ல முடியாது. இரண்டாவது உருண்டை. மூன்றாவது. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர், அம்மா அதைத் தயக்கத்தோடுதான் கொடுத்தாள், தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கீரை. பப்பாளியில் இரண்டு துண்டு. தட்டு காலியானபோது சுகந்திக்குப் பயம் மறுபடி வந்தது, தின்றுவிட்டாய், இனிமேல் தப்ப முடியாது என்று வயிறு சொன்னது. அதைக் கேட்டவள் மாதிரி அம்மா, “வரும். வரட்டும். நான் நிக்கேன்” என்றாள். அம்மாவே சிரப்பை அளந்து ஊற்றினாள், அதையும் குடித்தாள்.

ஒன்றரை மணிக்கு வந்தது. நாலு நாள் பட்டினி கிடந்த வயிறு காத்திருக்கவில்லை. நாகும்மா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் பிடித்துக் குளியலறை வரை கூட்டிப்போனார்கள், கதவை ஒருக்களித்துவிட்டு அம்மா வெளியே நின்றாள். சுகந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்துச் சுவரில் வழுக்கியது, இதோ இழுபடப் போகிறது, இதோ கிழியப் போகிறது, சத்தம் கேட்கப் போகிறது. “வாளியக் கவுத்து கால அது மேல வையி” என்றது கதவுக்கு அந்தப் பக்கம். வைத்தாள். “முட்டி ஒசந்திருக்கணும். ஒசந்துட்டா?” “ம்.” “முக்காத. வாயத் தொறந்து வச்சுக்கோ, மூச்ச மெள்ள விடு. அதுவா வரும், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்.” அம்மா அந்தப் பக்கம் தானும் வாயைத் திறந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அம்மா, இருக்கியா?” “இங்கதான நிக்கேன்.” மூச்சு, இன்னொரு மூச்சு. ஒரு எரிச்சல் வந்தது, கண் இருண்டது, சுகந்தி பல்லைக் கடிக்கப் போய் ஞாபகம் வந்து வாயைத் திறந்தாள். பிறகு அது, இளகி, அதுவாகவே, போனது. வலித்தது. ஆனால் எதுவும் இழுபடவில்லை, துணி கிழிகிற சத்தம் இல்லை. “போயிட்டா? ரத்தம் உண்டுமா, பாரு.” பார்க்கத் தைரியமில்லை. பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். “இல்லம்மா. ரத்தம் இல்ல.” கதவில் நெற்றியோ கையோ சாய்ந்த மாதிரி பலகை லேசாக முனகியது. அப்புறம் செருப்பில்லாத கால் அடுப்படியைப் பார்த்து ஓடியது, ஐம்பது வயதுக்காரி ஓடினாள். “எக்கா, போயிட்டுக்கா. பிள்ளைக்கு நல்லாப் போயிட்டு. ரத்தமே இல்லக்கா.” சந்துக் குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்துகிற அளவுக்கு அந்தக் குரல் ஏறியது. நாகும்மா பதறிப்போய், “மெல்லச் சொல்லு ஆத்தா, தெருவுக்கே கேக்குது” என்றாள். “கேக்கட்டும்” என்றாள் அம்மா. சுகந்தி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பற்றிய ஒரு சேதியை அம்மா நாலு பேர் காதில் விழும்படி சொல்லி அவள் கேட்டதே இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற நிறைய நேரம் ஆயிற்று.